பொட்டு அடைத்த வேலி

எங்களுக்குத் தொழில் கற்பித்த முதல் வாத்தியார் ஒரு முக்காலி. அதில் நான் சேலை கசங்காமல் இருந்து, மோர் குடித்து, நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். நான் வாசல் ஒழுங்கையில் நடந்து, சந்தின் முடக்குத் திரும்புவதற்குள் அதே முக்காலியைத் தூக்கி ஒருவன் தன் பெண்சாதியின் கையை முறித்தான்.

முப்பதுகளின் நடுப்பகுதி. சண்டிலிப்பாய்ப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சந்திப்பது என் வேலை. மிஷன் சம்பளம் தந்தது. பிள்ளைக்குப் பால் காய்ச்சும் விதம் சொல்வது, வயிற்றோட்டத்துக்கு மருந்து கொடுப்பது, பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்பது, இடையிடையே ஒரு ஜெபம். இதற்குச் சமூக சேவை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர் வைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுதினால் அச்சுக்கோர்ப்பவர் வெட்கப்படுவார்.

ஆசிரியைக்குப் பயிற்சிக் கலாசாலை இருந்தது. தாதிக்கு ஆஸ்பத்திரி இருந்தது. எங்களுக்கு இருந்தது ஒரு புத்தகம். இங்கிலாந்திலிருந்து ஒரு துரைசாணி அனுப்பிய தடித்த புத்தகம். குடும்பச் சச்சரவு நடக்கும் வீட்டுக்குப் போனால் முன் கதவைத் தட்ட வேண்டும், இருவரையும் எதிரெதிரே இருத்தி இருவர் பக்கத்தையும் சமமாகக் கேட்க வேண்டும், யாரையும் குற்றம் சொல்லாமல் எழுந்து வர வேண்டும் என்று அதில் இருந்தது. நான் அதை மனப்பாடம் செய்திருந்தேன். யாழ்ப்பாணத்து வீட்டுக்குத் தட்டுவதற்கு முன் கதவு எங்கே இருக்கிறது? வளவைச் சுற்றி ஆளுயர வேலி, ஒழுங்கைப் பக்கம் ஒரு படலை. படலையில் நின்று கூப்பிட்டால் ஆண் வந்து திறப்பான்.

அவனும் வந்து திறந்தான். புகையிலைத் தோட்டக்காரன், நல்ல உழைப்பாளி, கோவிலில் முன்வரிசை. "வாருங்கோ, இருங்கோ" என்று முக்காலியைத் தோளில் கிடந்த சால்வையால் துடைத்துப் போட்டான். பெண்சாதியைக் கூப்பிட்டு மோர் கொண்டுவரச் சொன்னான். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். கீழ் உதடு வெடித்திருந்தது. கையில் முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. புத்தகம் சொன்னபடி அவன் முன்னாலேயே என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கிணத்தடியிலை வழுக்கி விழுந்தனான்" என்றாள்.

அவனும் தலையை ஆட்டி, பாசி பிடித்த கிணற்றடி, சொன்னால் கேட்கிறாள் இல்லை என்று கவலைப்பட்டான். நானும் பாசியைத் தேய்த்துக் கழுவச் சொல்லிப் புத்திமதி கூறிவிட்டு வந்தேன். ஒழுங்கை முடக்கில் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் மரம் எலும்பில் படுகிற சத்தம், பிறகுதான் அவளுடைய குரல். திரும்பி ஓடினேன். படலை உள்ளே கொழுவியிருந்தது. ஊர் அதிகாரியான விதானையாரிடம் ஓடினேன். அவர் அவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்பது எனக்குத் தெரியாது. அடியாத மாடு படியாது பிள்ளை, நீ போய்ப் பால்மா பங்கிடு என்று சொல்லிப் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பாக்குவெட்டியைப் பறித்து அவருடைய மீசையை நறுக்க வேண்டும்போல இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது, அவர்தான் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் கூடினோம். நான் ஒருத்தி. மற்றவள் தெல்லிப்பழைக்காரி, ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து, கலியாணத்துக்காக வேலையை விட்டு, கலியாணம் முடிந்த கையோடு புருஷனையும் பறிகொடுத்தவள். மூன்றாமவள் சைவ வேளாண் குடும்பத்துப் பெண், பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிறவள். வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு எங்களோடு ஊர் சுற்றினாள். மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பிடிவாதம்.

நான் நடந்ததைச் சொல்லி அழுதேன். தாதி அழுகை முடியும்வரை பொறுத்திருந்து, ஏட்டுச் சுரைக்காயை இனி மூடி வை என்றாள். பிறகு கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரு கேள்வி எழுதினாள்: நாங்கள் போனதால் அவளுக்கு என்ன நடந்தது? அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கேள்விதான் எங்கள் கலாசாலை. போன வீடு, சொன்ன சொல், வாங்கிய மறுமொழி எல்லாவற்றையும் ஒருத்தி சொல்ல வேண்டும். மற்ற இருவரும் தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டும். கோபித்துக்கொண்டு எழும்பிப் போகக்கூடாது. நான் பலமுறை எழும்பிப் போனேன், வாசல் வரை.

அடியைப் படிப்பதில் தொடங்கினோம். விழுந்தவளுக்கு உள்ளங்கையிலும் முழங்காலிலும் காயம் இருக்கும், அடி வாங்குகிறவளுக்கு முன்கையின் வெளிப்பக்கத்தில்தான் இருக்கும், முகத்தை மறைக்கக் கையைத் தூக்குகிறாளே என்று தாதி தன் கையைத் தூக்கிக் காட்டினாள். அந்த நீலம் என் கண்ணுக்கு முன்னாலேதான் இருந்தது. பிறகு வேறு வீடுகளிலும் பார்த்தோம். தோட்டைப் பிடித்து இழுத்ததில் காதுச்சோணை கிழிந்தவள். துலாக்கயிற்றை நனைத்து அடித்ததில் முதுகுத்தோல் உரிந்தவள். உலையில் உப்புக் கூடியதற்காக அந்தக் கஞ்சியையே காலில் ஊற்றிக்கொண்டவள். அப்படித்தான் சொன்னாள், ஊற்றிக்கொண்டேன் என்று. ஊற்றியவன் பக்கத்தில் நின்றான்.

ஒருநாள் தையல்காரி கன்னம் வீங்கி வந்தாள். எங்களோடு திரிவதை அறிந்து தமையன் அறைந்திருக்கிறான். நாங்கள் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னோம். அவள் பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்துகொண்டு, இண்டைக்கு என்ரை கன்னத்தைப் படியுங்கோ என்றாள். எங்கே நின்றான், எந்தக் கை, யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அடுப்படிக்குள் நின்றால் அடிக்கமாட்டான், அது தாயின் இடம் என்பது வரை வந்தோம். வீட்டுக்குள்ளும் எல்லைகள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் பிடிபட்டது. அந்தப் பெண் அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பொட்டைப் பற்றிச் சொன்னவளும் அவள்தான். எங்கள் ஊரில் இரண்டு வளவுகளுக்கு நடுவே வேலியில், கிணற்றடிக்கோ அடுப்படிக்கோ பின்னால், ஓலையை விலக்கி ஒரு வழி வைத்திருப்பார்கள். குனிந்துதான் பூர வேண்டும். அதுதான் பொட்டு. நெருப்பு வாங்க, கறி கொடுக்க, ஊர்க்கதை பறைய, பெண்கள் அதால்தான் போய் வருவார்கள். அது எனக்கும் தெரியும், எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆனால் சம்பளக்காரியாக வெளிக்கிட்டபோது அதை மறந்துபோனேன்.

"படலையாலை வாறவைக்கு ஆம்பிளை மறுமொழி சொல்லுவான். பொட்டாலை வாறவைக்குத்தான் பொம்பிளை சொல்லுவாள்" என்றாள் தையல்காரி.

இன்னொன்றும் சொன்னாள். பொட்டுக்குள்ளால் ஆண் பூரமாட்டான். மற்றவன் வளவுக்குள் பொட்டால் பூருகிறவன் கள்ளன், அல்லது அதைவிடக் கேவலமான ஒன்று. எவ்வளவு கொதியோடு பெண்சாதியைத் துரத்தி வந்தாலும் பொட்டடியில் நின்றுவிடுவான். அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமானால் ஒழுங்கையால் சுற்றி வந்து, அயலவன் படலையில் நின்று கூப்பிட்டு, உள்ளே வா என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கை ஆறிவிடும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம், எந்தக் கோட்டுத் தீர்ப்பை விடவும் பலமாக நின்றது.

அடுத்த கிழமை, கை முறிந்தவளின் பக்கத்து வளவுக்காரியோடு பழக்கம் பிடித்தேன். அவள் புருஷனும் புகையிலைதான், ஆள் பனைமரம், கோபம் வந்தால் மாட்டையே குத்துகிறவன். அவள் சாது. அவளுடைய கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டால், கஞ்சி போட்ட சேலையோடு, குடையை முன்னால் தள்ளி, கையூன்றித் தவழ்ந்து போனேன். கொண்டை வேலிக்கு நட்ட கதியால் மரத்தில் மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்தில் கை முறிந்தவள் பாத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை. படலையால் போனபோது அந்த வாய் இவ்வளவு திறக்கவில்லை.

அன்றைக்கு அவள் எல்லாம் சொன்னாள். எதற்காக அடிக்கிறான் என்றால் எதற்காகவும் இல்லை. புகையிலை விலைப்பட்டாலும் அடி, விலைப்படாவிட்டாலும் அடி. மிஷன் விடுதிக்குப் பிள்ளைகளோடு வந்துவிடு, அங்கே வேலை தருவார்கள் என்று கேட்டேன். கோணலாகப் பொருந்தியிருந்த தன் கையால் நிலத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இது என்ரை சீதன வளவு, அக்கா. அவர்தான் வந்து இருக்கிறார். நான் ஏன் வெளிக்கிட வேணும்?"

அவள் கேட்டது ஒன்றுதான், தன் வளவில் அடிபடாமல் இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்து கொடுப்பது என்று சனிக்கிழமை மூவரும் மண்டையை உடைத்தோம். கடைசியில் சின்ன ஏற்பாடு ஒன்று செய்தோம். அவன் குரல் உயரும்போதே, கை உயருமுன், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பொட்டால் போய்விட வேண்டும். பக்கத்து வளவுக்காரி அவளை அடுப்படியில் இருத்திவிட்டு, படலையில் அவன் வந்து நின்றால், குளிக்கிறாள், அரிசி இடிக்கிறாள் என்று ஏதாவது சொல்லி நேரத்தைச் சுணக்க வேண்டும்.

அது சரிவந்தது. அவன் பொட்டடியில் நின்று தூஷணத்தால் வேலியை நனைப்பான், முட்டியால் கதியாலைக் குத்துவான், ஆனால் பூரவில்லை. மாரி போய்க் கோடை முழுவதும் அவள் உடம்பில் புதுக் காயம் இல்லை. எங்களுக்கும் தலைக்கனம் வந்தது. அந்தத் துரைசாணிக்குக் கடிதம் எழுதி, புத்தகத்தில் ஓர் அத்தியாயம் சேர்க்கச் சொல்லுவோமா என்று சிரித்தோம்.

பக்கத்து வளவுக்காரன் இதில் எதிலும் தலையிடவில்லை. வருஷக்கணக்காக வேலிக்கு இந்தப் பக்கத்தில் இருந்து அவள் அலறிக் குழறுவதைக் கேட்டுக்கொண்டு சோறு தின்றவன். ஒருமுறை நானே கேட்டேன். நீங்கள் ஒரு சொல் சொன்னால் அவன் அடங்குவானே என்றேன். அது அவன்ரை வீட்டு விஷயம் என்று வெற்றிலையைத் துப்பினான்.

மழைக்கு முன், பின்னிய தென்னோலைக் கிடுகு கட்டி வேலி அடைக்கும் காலம் வந்தது. ஒரு முற்பகல் வழக்கம்போலக் கோழிக்கூட்டடிக்குப் போனேன். பொட்டைக் காணவில்லை. புதுக் கிடுகு, ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை, எலி பூர இடமில்லாமல் இறுக்கி வரிந்திருந்தது. உள்ளே இருந்து குட்டுப்பட்ட நாயின் முனகல்போல ஒன்று வந்தது. பக்கத்து வளவுக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். விடியத் தொடங்கி அடிக்கிறான் அக்கா, வேலியை அடைச்சுப்போட்டு அடிக்கிறான் என்றாள். பிறகு உலக்கை விழுகிற சத்தம். அவளுடைய பிள்ளை ஒன்று உள்ளிருந்து வேலியின் அடியில் விரலை விட்டு ஓலையைப் பிய்க்கப் பார்த்தது. அந்த விரல்களை நான் பிடித்துக்கொண்டேன். வேறு எதையும் செய்ய முடியவில்லை.

அப்போதுதான் பக்கத்து வளவுக்காரன் தோட்டத்தால் வந்தான். தோளில் மண்வெட்டி, இடுப்பில் கத்தி. குழறல் கேட்டது, அவன் திரும்பிப் பார்க்கவில்லை. செம்பில் தண்ணீர் வார்த்துக் குடித்தான். செம்பைக் கவிழ்க்கும்போது வேலியைக் கண்டான்.

"உதை ஆர் அடைச்சது?"

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இரண்டு வளவுக்கும் பொதுவில் நிற்கிற வேலி பொது வேலி அல்ல, அது ஒருவனுடையது. யார் அடைக்கிறானோ அவனுக்குத்தான் அந்த வேலியும் அதன் கதியால்களும், கதியால் நிற்கிற நிலமும். மற்றவன் வேலியை அடைப்பது அவன் காணியில் கால் வைத்து இது என்னுடையது என்று சொல்வதற்குச் சமம். தகப்பன்மார் தலைமுறையாக அந்தப் பக்க வேலியைப் பக்கத்து வளவுக்காரனின் வீட்டார்தான் அடைத்து வந்தார்கள். பெண்சாதியை உள்ளே போட்டுப் பூட்டுகிற அவசரத்தில் முக்காலிக்காரன் அயலவனுடைய எல்லையை அடைத்துவிட்டான்.

பிறகு நடந்ததை நான் இன்னும் உடம்பில் வைத்திருக்கிறேன். பக்கத்து வளவுக்காரன் கத்தியை உருவி வரிச்சுக் கட்டுகளை வெட்டினான். வெட்டி வெட்டிக் கிடுகைக் கிழித்து எறிந்தான். "என்ரை அப்பு நட்ட கதியாலடா" என்று கத்தினான். அவளுக்காக ஒரு சொல்லும் இல்லை. வேலி ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. விழுந்த வேலிக்கு அப்பால் அவள் மண்ணில் குப்புறக் கிடந்தாள், தலைமயிர் இரத்தத்தில் ஒட்டியிருந்தது. புருஷன் உலக்கையோடு அவளைத் தாண்டி வந்தான்.

உலக்கை முதலில் பேசியது. பக்கத்து வளவுக்காரனின் தாடையில் பட்டு, பல் தெறித்து என் காலடியில் விழுந்தது. அவன் ஆடவில்லை. கத்தியை வீசினான். உலக்கை பிடித்த கை முழங்கையடியில் பிளந்து தொங்கியது. அதோடு விட்டானா? இல்லை. கீழே விழுந்தவனை ஏறி மிதித்தான். மிதிபட்டவன் மற்றக் கையால் கதியாலொன்றைப் பிடுங்கிச் சுழற்றினான், அது என் தோளில் இறங்கியது. நான் அவள் கால்களைப் பிடித்து இந்தப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். மழை இருட்டினால் அந்தத் தோள் இன்றைக்கும் உளையும். பிள்ளைகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு குழறின. ஊர் திரண்டபோது இரண்டு ஆண்களும் ஒருவன்மேல் ஒருவன் கிடந்தார்கள், எல்லாரும் அவர்களைத்தான் பிரித்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் கிடந்த பெண்ணைத் தாதி வந்துதான் தூக்கினாள்.

வெட்டுப்பட்டவனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்து எரு பட்ட கத்தி. ஏற்புவலி கண்டு, உடம்பு வில்லாக வளைந்து, செத்தான். பக்கத்து வளவுக்காரன் சிறைக்கு, மறியலுக்குப் போனான். ஊர் இரண்டாகப் பிரிந்து, யாருடைய வேலி என்று மாதக்கணக்காக வழக்காடியது. அவள் விலா முறிந்த கதையை ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் தணியவில்லை, தணிய வேண்டும் என்றும் நான் விரும்பவில்லை. ஒரு பெண்ணின் எலும்புக்கு எழும்பாதவன் ஒரு கிடுகுக்கு எழும்பினான்.

அவள் பிழைத்தாள். தாலி கழற்றிய கழுத்தோடு தன் வளவில் இருந்தாள். கட்டு அவிழ்க்கப் போன நாளில் தாதியும் நானும் மட்டும் பக்கத்தில் இருந்தோம். அவன் ஏன் அப்படி மதியில்லாமல் மற்றவன் வேலியைத் தொட்டான், தோட்டக்காரனுக்குத் தெரியாதா என்று தாதி சும்மா கேட்டாள். அவள் பார்வையைக் கூரைக்குத் திருப்பினாள்.

"அவருக்கு மறந்திருக்கும். நான்தான் ஞாபகப்படுத்தினனான்" என்றாள். "அது அவையின்ரை வேலி, தொடாதேங்கோ, தொட்டால் கையை வெட்டுவன் எண்டு அவன் சொல்லியிருக்கிறான் எண்டனான். நான் வேண்டாம் எண்டால் அவர் செய்வார்."

அவள் கோணல் கையை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவன் வந்து ரெண்டு குடுப்பான், இவர் அடங்குவார் எண்டுதான் நினைச்சன். சாகிறதை நினைக்கேல்லை. நான் சொன்னது ஒரு சொல்லுத்தான், அக்கா. வெட்டினது அவங்கள்."

சனிக்கிழமை தையல்காரிக்கும் சொன்னோம். மூவருக்குள் மறைவு இல்லை என்பது எங்கள் விதி. அவள் முதலில் சிரித்தாள், பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கரும்பலகையில் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. எங்கள் ஏற்பாடு இல்லாவிட்டால் அவன் பொட்டை அடைத்திருக்கமாட்டான். அவன் அடைக்க வெளிக்கிட்டிராவிட்டால் அவள் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கமாட்டாள். தாதி துடைப்பானை எடுத்தாள், பிறகு வைத்துவிட்டாள்.

வேலியை அவர்கள் திரும்ப அடைத்தார்கள், ஆண்கள் இல்லாமல், இரண்டு பெண்களுமாக. பொட்டு பழைய இடத்திலேயே விடப்பட்டது. மறியலுக்குப் போனவனின் பெண்சாதி தோட்டத்தையும் பிள்ளைகளையும் தனியே இழுத்துச் சுமந்தாள். சமைக்க நேரமில்லாத நாட்களில் பொட்டால் ஒரு கோணல் கை வரும், மூடிய சட்டியோடு. பிள்ளைகளைக் குளிக்கவார்க்க, புகையிலைக்குத் தண்ணீர் இறைக்க, காய்ச்சலுக்குக் காவலிருக்க, எல்லாவற்றுக்கும் அந்தக் கை வந்தது.

ஒருநாள் நான் கோழிக்கூட்டடியில் இருக்கும்போது சட்டி வந்தது. ஒடியல் கூழ், ஆவி பறந்தது. பக்கத்து வளவுக்காரி அதை வாங்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள். மெலிந்து போயிருந்தாள்.

"என்ரை மனிசன்தான் அவளின்ரை மனிசனைக் கொண்டது. அவள் எனக்கு ஏன் இவ்வளவு செய்யிறாள் எண்டு எனக்கு விளங்கேல்லை, அக்கா. உங்களுக்குத் தெரியுமோ?"

வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் மினுக்கிற சத்தம் நின்றது. அவள் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அயல் எண்டால் அப்பிடித்தான்" என்றேன்.

பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது. பக்கத்து வளவுக்காரி எனக்கும் ஒரு பனையோலைப் பிளாவில் கூழ் வார்த்துத் தந்தாள். நான் குடித்தேன்.